கலகாரியில் ஒரு முழுவியளம்

அன்புள்ள தம்பிக்கு,

நான் சுகம், நீ சுகமா என்று தொடங்குவதுதான் முறை. சுகமா இல்லையா என்று எனக்கே தெரியாதபோது அதை எழுதக் கை வரவில்லை. சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன், கிணற்றடி வாழைக்குத் தண்ணீர் விடுகிறேன். நீ அனுப்பிய படங்களைச் சித்தியின் மகள் பெரிதாக்கிக் காட்டினாள். யானைக் கூட்டம், வெள்ளை வெளேரென்ற உப்பு வெளி, கலகாரிப் பாலைவனத்துப் புல்லுக்குள் ஒரு சிங்கம், எல்லாவற்றிலும் ஓரத்தில் நான். அந்தப் படங்களில் நிற்கிற பெண்ணைப் பார்த்தால், கொக்குவில் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறவள் போலத்தான் இருக்கிறது. நீ எவ்வளவு ஆசையாகக் கூட்டிக்கொண்டு போனாய். நான் அந்த முகத்தோடுதான் முழுப் பயணமும் வந்திருக்கிறேன்.

திரும்பி வரும்போது விமான நிலையத்தில் ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, ஆவணியிலை கலியாணம். நான் வீட்டிலையிருந்து வெளிக்கிடேக்கை நீங்கள் முன்னுக்கு நிப்பியளோ, மாட்டியளோ? ஓம் எண்டு சொல்லுங்கோ, இல்லை எண்டு சொல்லுங்கோ. பாப்பம் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ." நான் "பாப்பம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். திரும்பிப் பார்த்தபோது நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாய், அசல் அப்பாவைப்போல. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ கந்தோர் வேலையில் இருப்பாய், நான் அடுப்படியில் இருப்பேன், "சரி, பிறகு கதைப்பம்" என்று முடிந்துவிடும். இது பிறகு கதைக்கிற விசயம் இல்லை.

முன்னுக்குச் சித்தப்பாவும் சித்தியும் நிற்கட்டும் என்று சொன்னது நான்தான். உனக்குப் பெண் எடுக்கிற கொழும்புத்துறை வீட்டில் ஒருவரும் என்னை விலகச் சொல்லவில்லை. சம்பந்தியம்மா போனில், "வெளிக்கிடேக்கை முன்னுக்கு ஆர் நிக்கிறது எண்டு யோசிச்சு வைச்சிருக்கிறியளோ?" என்றுதான் கேட்டார். எங்கள் ஊரில் அதற்குமேல் கேட்பது மரியாதையில்லை, அதற்குள்ளேயே எல்லாம் வந்துவிடும். "இவரின்ரை தம்பியும் பெண்சாதியும் நிப்பினம்" என்று நான் உடனே சொன்னேன். அவருக்குப் போன மூச்சு வந்தது எனக்குக் கேட்டது. பாவம், அவரும் ஒரு பிள்ளையைக் கட்டிக்கொடுக்கிற தாய். நீதான் கேட்டுவிட்டுக் கத்தினாய், "நீங்கள் நிக்காட்டி நான் வெளிக்கிட மாட்டன், பொம்பிளை மண்டபத்திலை இருந்து பாத்துக்கொண்டு இருக்கட்டும்" என்று. உன் கோபத்தில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. கோபப்படுகிறான் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது முழுவியளத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு காரியமாக வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது எதிரே முதலில் வருகிற முகம்தான் முழுவியளம். அது நல்லதாக இருந்தால் போன காரியம் நடக்கும். இதை நீ சின்ன வயதிலிருந்து கேட்டவன். ஆனால் எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவுக்குள், நான் யாராக இருந்தேன் என்று உனக்குச் சரியாகத் தெரியாது, நீ அந்த நேரம் ஒன்றில் ரியூசனில் இருப்பாய் அல்லது மைதானத்தில் இருப்பாய். அப்பா ஸ்டேசனடியில் ரயர் ஒட்டுகிற தன் கடைக்குப் போக மோட்டார்சைக்கிளை உதைத்துவிட்டு, "இஞ்சேரும், ஒருக்கா முன்னுக்கு வாரும்" என்று கூப்பிடுவார். நான் வாசல் படலையடியில் போய் நிற்பேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போவார். கலியாணம் கட்டிய கிழமையில் பகிடியாகத் தொடங்கியது. கடையில் வியாபாரம் நன்றாக நடக்க நடக்க அது பகிடி இல்லை என்று ஆகிவிட்டது. பிறகு ஒழுங்கைக்குள் கதை பரவியது. "அக்கா, நாளைக்கு மகளுக்கு விசா இன்டர்வியூ. காலமை ஆறு மணிக்கு வெளிக்கிடுறம். ஒருக்கா எதிராலை வாறியளே?" என்று ஆட்கள் போன் எடுப்பார்கள். நான் தலை இழுத்து, பொட்டு வைத்து, ஒரு குடத்தையும் தூக்கிக்கொண்டு தற்செயலாக வருகிறவள்போல ஒழுங்கையால் வருவேன். அவர்களும் தற்செயலாகப் பார்க்கிறவர்கள்போலப் பார்ப்பார்கள். கனடா விசா கிடைத்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு நான்தான் காரணம் என்று ஒரு பெயர் இருந்தது. எனக்கு அதில் நல்ல புளுகம், பெருமைதான். பொய் சொல்லக்கூடாது.

அப்பா போன பிறகு போன் வரவில்லை. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. செத்தவீட்டுக்கு எல்லாரும் வந்தார்கள், சமைத்துக் கொண்டுவந்து தந்தார்கள், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கு வான் பிடித்துத் தந்தது பக்கத்து வீட்டார்தான். ஆனால் ஒருநாள் விடிய அவர்களுடைய மகன் எங்கேயோ காற்சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வெளிக்கிட்டு நின்றான். நான் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றேன். அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, ரயரில் காற்று இருக்கிறதா என்று பார்த்தான், பிறகு திரும்பவும் பார்த்தான். காற்று இருந்தது. எனக்கு விளங்கியது. விளக்குமாற்றை வைத்துவிட்டு உள்ளே போனேன். அதற்குப் பிறகு காலையில் ஒழுங்கையில் சத்தம் கேட்டால் நானே உள்ளே போய்விடுவேன். ஒருவருக்கும் கரைச்சல் இல்லை. அதே முகம்தான், மூக்கும் கண்ணும் இடம் மாறவில்லை. ஆனால் எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. கடித்தாலும் தெரியாது.

திவசம் முடிந்த கையோடு நீ என்னை நீ வேலை செய்கிற பொட்ஸ்வானாவுக்குக் கூப்பிட்டு, ஜீப்பில் பாலைவனமும் மிருகங்களும் பார்க்கிற பயணத்துக்குப் பதிந்துவிட்டாய். ஊர் சுற்றிக் காட்டினால் துக்கம் போய்விடும் என்று நினைத்தாய். உன்னில் பிழையில்லை, ஆனால் இனி யாருக்கும் அப்படிச் செய்யாதே. முதலில் ஆளைக் கேள். வழிகாட்டியும் சாரதியும் சமையற்காரனும் எல்லாம் காபோ ஒருவன்தான். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவன், என்னை "ம்மா" என்று கூப்பிட்டான். அவர்களுடைய மொழியிலும் மரியாதைக்குரிய பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். எங்களோடு வந்த ஒல்லாந்துக் கிழவரையும் கிழவியையும் பார்த்து, "எங்கடை கோட்டையைக் கட்டின ஆக்கள்" என்று நான் உனக்குக் காதுக்குள் சொன்னேன், நீ சிரித்தாய். எதைக் கேட்டாலும் நான் "ஓம்" என்று சொன்னதால், அந்தக் கிழவி நான் மந்திரம் சொல்கிறேன் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் கை கூப்பினாள். தேத்தண்ணி வேணுமா, ஓம். கும்பிடு. சீனி போடவா, ஓம். கும்பிடு. நீ விளங்கப்படுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை, பிடித்துப்போய்விட்டது போலிருக்கிறது.

கலகாரி என்றால் மணல் மேடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். புல்லும் முள்ளும் வானமும்தான். சிங்கம் பார்த்தோம். இவ்வளவு காலமும் நாட்டுக் கொடியில் வாள் பிடித்துக்கொண்டு நிற்கிறதைத்தான் பார்த்தவள் நான், இது வாளில்லாமல் மல்லாந்து படுத்துக் கிடந்தது. ஒல்லாந்துக் கிழவர் பதற்றத்தில் கமராவின் மூடியைக் கழற்றாமலே படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் சிங்கம் என்று நினைத்தேன், பிறகு வெயில் என்று நினைத்தேன். மக்காடிகாடி உப்பு வெளியில் நீ, "ஆனையிறவு மாதிரி இருக்கெல்லே அம்மா" என்று கேட்டாய். ஓம் என்றேன். ஆனையிறவில் உப்பு இருக்கிறது, பெயரில் மட்டும்தான் ஆனை. இங்கே இரண்டும் இருக்கிறது. அதற்குப் பிறகு வடக்கே யானைகளிடம் போனோம். கூட்டத்தை நடத்திக்கொண்டு போவது ஒரு கிழட்டுப் பெண்யானை என்றும், அதற்குப் புருசன் என்று ஒருவரும் கூடவே இருப்பதில்லை என்றும், எல்லாம் அதன் பின்னால்தான் போகும் என்றும் காபோ சொன்னான். நீ என் விலாவில் இடித்தாய். "கேட்டியளோ அம்மா?" எனக்கு எரிச்சலாக இருந்தது. "யானைக்கு ஒழுங்கைச் சனம் இருக்கே?" என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன். மிருகத்தைக் காட்டி மனிசருக்குப் புத்தி சொல்கிற பழக்கத்தை நீ விட்டுவிடவேண்டும்.

முதல் நாளே காபோ ஒரு கட்டளை போட்டான். விடிகிற நேரம் அவன் வந்து சுற்றிப் பார்த்துச் சொல்லாமல் ஒருவரும் கூடாரத்துக்குப் பின்பக்கம் போகக்கூடாது. நான் தலையாட்டினேன். ஆட்டிவிட்டு ஒவ்வொரு நாளும் விடிய அதைத்தான் செய்தேன். காபோ ஜீப்பை வெளிக்கிடுத்துகிற நேரத்தில் நான் அவனுக்கு எதிரே வரக்கூடாது, அதுதான் என் மண்டைக்குள் இருந்தது. வழியில்லாத காட்டுக்குள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போகிறவன், அவனுக்கும் ஊரில் பிள்ளை குட்டி இருக்கிறது. அவன் ஏறி என்ஜினை ஸ்டார்ட் பண்ணும்வரை எங்கேயாவது மறைந்து நின்றுவிட்டு, பிறகு பின்பக்கத்தால் வந்து ஏறுவேன். நீங்கள் எல்லாரும் நான் கக்கூசுக்குப் போய் வருகிறேன் என்று நினைத்தீர்கள். அன்றைக்கு ஒரு பெரிய முட்பற்றைக்குப் பின்னால் நின்றேன். என் பின்னால் மாடு மூச்சு விடுவதுபோலச் சத்தம் கேட்டது, மாடுதான் என்று நினைத்தேன். கொக்குவிலில் பின்னால் மூச்சு விட்டால் மாடுதானே. காபோ ஜீப்பில் இருந்து இறங்கி, என்னைக் கண்டு, ஒரு கையை மெல்ல உயர்த்தினான். அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் திரும்பினேன். யானை. தனி ஆண் யானை. எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தாங்கி இருக்கிற தூரம்கூட இல்லை. கொப்பை முறித்துத் தின்றுகொண்டு என்னைப் பார்த்தது. காபோ கையால் காட்டியபடி நான் ஓடாமல் பக்கவாட்டில் நடந்து வந்தேன். பயம் வரவில்லை. யானை என்று நினைத்தேன். பயம் வரவில்லை என்பது பிறகுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நீ என்னைப் பிடித்து உலுக்கினாய். "உங்களுக்கென்ன விசரே? ஏன் அங்கை போய் நிண்டனீங்கள்?" எனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாமல் நீ விடவில்லை. "காபோ வெளிக்கிடேக்கை என்ரை முகத்திலை முழிக்கப்படாது எண்டுதான்" என்றேன். பிறகு உனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. "அப்ப இண்டைக்கு யானைக்கு நீங்கள்தான் முழுவியளம். அந்தச் சீவனுக்கு என்ன நடக்கப்போகுதோ" என்றாய். காபோ என்ன விசயம் என்று கேட்டான். நீ இங்கிலீஷில் முழுவியளத்தை விளங்கப்படுத்தப் பட்ட பாடு இருக்கிறதே, ஒல்லாந்துக் கிழவி நடுவிலே இரண்டு தடவை என்னைக் கும்பிட்டாள். காபோவுக்கு மட்டும் உடனே விளங்கியது. அவனுடைய தாயும் தகப்பன் செத்த பிறகு ஒரு வருடம் கறுப்பு உடுத்தி, கன்று போட்ட மாடுகள் நிற்கிற பட்டிப் பக்கம் போகாமல் இருந்தவளாம். இது எங்களிலும் இருக்கிறது ம்மா, நீ முதலே சொல்லியிருக்கலாம், இனி நீ ஒளிக்கவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். நல்ல பிள்ளை என்று நினைத்தேன்.

மறுநாள் விடிய நான் கூடாரத்தைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். ஜீப்புக்குப் பக்கத்தில் காபோ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் ஒல்லாந்துக் கிழவர், அவரும் முதுகு. அவருக்குப் பக்கத்தில் கிழவி, அவளும் முதுகு. காபோ அவர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறான், இந்த அம்மா ஏறும்வரை பார்க்காமல் நிற்பதுதான் இவர்களுடைய முறை என்று. கோயிலுக்குள் நிற்பதுபோல அவ்வளவு பணிவாக நின்றார்கள். "ம்மா, வாருங்கள், ஒருவரும் பார்க்கவில்லை" என்று காபோ திரும்பாமலே இங்கிலீஷில் சொன்னான். நான் கேட்டதைத்தான் அவர்கள் செய்தார்கள். அந்த மூன்று முதுகையும் தாண்டி நான் நடந்தேன். எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் எனக்கு முதுகு காட்டியதில்லை. ரயரில் காற்றுப் பார்ப்பார்கள், போனைப் பார்ப்பார்கள், அல்லது நானே முந்திக்கொண்டு உள்ளே போய்விடுவேன். எல்லாரும் சேர்ந்து மிக மரியாதையாகச் செய்துகொண்டிருந்த காரியம் பார்வைக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்படித்தான் இருக்கும். எனக்கு நொந்தது, தம்பி. அவ்வளவு காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக நன்றாக நொந்தது.

நீ மட்டும் என்னை நேரே பார்த்துக்கொண்டு நின்றாய். நான் உன்னைப் பார்த்து, அங்கால் திரும்பு என்று கையைக் காட்டினேன். நீ திரும்பவில்லை. எல்லாரிலும் உன்னைத்தான் நான் பார்க்கவிடக்கூடாது என்று இருந்தேன். ஏன் என்று நீ அன்றைக்கும் கேட்டாய், நான் சொல்லவில்லை. ஊர்ப் பழக்கம் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அது ஊரின் பயம். என்னுடையது வேறு.

அப்பா செத்த அன்றைக்கும் நான்தான் முன்னுக்கு நின்றேன். நீ போனில், "அப்பா காலமை ஏதேனும் சொன்னவரோ?" என்று கேட்டபோது ஒன்றும் இல்லை என்றேன். சொன்னவர். வழமைபோல, "இஞ்சேரும்" என்று கூப்பிட்டார். நான் பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டு நின்றேன். "இண்டைக்கு ஒருநாளைக்குப் போங்கோவன்" என்று உள்ளே இருந்து சொன்னேன். "நீர் வராமல் நான் போனதே?" என்றார். மாக் கையோடு ஓடிப்போய்ப் படலையடியில் நின்றேன். என் முகத்தை வடிவாகப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுப் போனார். படலையைச் சாத்திவிட்டு நான் அடுப்படிக்கு வந்துவிட்டேன். பகல் சாப்பாட்டுக்கு முன்னம் பக்கத்துக் கடைக்காரர் போன் எடுத்தார். ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம். உன் அப்பா உலகத்தில் கடைசியாகப் பார்த்துவிட்டு வெளிக்கிட்ட முகம் என்னுடையது. ஊரெல்லாம் விசா எடுத்துக்கொடுத்த முகம், அவருக்கு அரை நாள்கூடத் தாங்கவில்லை. ஒழுங்கைச் சனம் என்னைக் கண்டு ஒதுங்கியபோது எனக்கு ஏன் கோபம் வரவில்லை என்று நீ கேட்பாய். அவர்கள் சரி என்று நினைத்தேன். அவர்களுக்குத் தெரிந்ததைவிட எனக்குக் கூடத் தெரியும் என்று நினைத்தேன். அந்த முகத்தோடு உன் கலியாணத்தன்று உனக்கு முன்னால் எப்படி நிற்பேன்? இதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது.

முதுகுகளைத் தாண்டிப் போன அன்றைக்கு முழுக்க நான் என்ன பார்த்தேன் என்று தெரியாது. நீ ஒட்டகச்சிவிங்கி என்று காட்டினாய், பார்த்தேனாக்கும். அடுத்த நாள் விடிய அவர்கள் திரும்பவும் அப்படியே வரிசையாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். நான் ஏறவில்லை. சுற்றிக்கொண்டு போய் ஜீப்பின் மூஞ்சைக்கு முன்னால், காபோவுக்கு நேர் எதிரே நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "காபோ, என்னைப் பார்" என்றேன். அவன் நிலத்தைப் பார்த்தான், உன்னைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். "டுமேலா, ம்மா" என்றான், அவர்களுடைய மொழியில் வணக்கம். எனக்குக் கால் நடுங்கியது. யானைக்கு முன்னால் நடுங்காத கால். அவனுக்கு ஏதும் நடந்தால் என்ன செய்வேன் என்று நினைத்துக்கொண்டு, அவனுக்குப் பக்கத்துச் சீற்றிலேயே ஏறி இருந்தேன். நடக்கிறது எனக்கும் சேர்த்து நடக்கட்டும் என்றுதான் இருந்தேன்.

அரை மணித்தியாலம் ஓடவில்லை, ரயர் காற்றுப் போய்விட்டது. பின்னாலிருந்து நீ என் முகத்தை எட்டிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான் உடைந்துபோவேன் என்று பயந்துவிட்டாய். காபோ இறங்கிச் சுற்றிலும் பார்த்தான், நிலத்தில் குந்தி முள்ளைப் பார்த்தான். எனக்கு வாயில் தானாக வந்தது, "பாவம், ஆரின்ரை முகத்திலை முழிச்சானோ." நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். போன கிழமையும் இதே பக்கத்து ரயர்தான் போனது, அன்றைக்கு ம்மா ஒளித்துத்தானே நின்றாய் என்று காபோ சொன்னான், அதற்கும் சிரித்தோம். பிறகு அவன் நட்டைக் கழற்றத் தொடங்கினான். கழற்றிய நட்டுகளை உருண்டு போகாமல் தொப்பிக்குள் போட்டான். அப்பா தன் சறத்தை மடித்து அதற்குள் போடுவார். எனக்கு அழுகை வந்தது. ஜீப்பின் படியில் இருந்துகொண்டு சத்தம் வைத்து அழுதேன். நீ சகுனத்தை நினைத்து அழுகிறேன் என்று நினைத்து, "ரயர்தானே அம்மா, ரயர்தானே" என்று முதுகைத் தடவினாய். நான் அப்பாவுக்காக அழுதேன். அவர் போனதற்கு நான்தான் காரணமோ என்று யோசித்துக்கொண்டே இருந்ததில், அவர் போய்விட்டார் என்று அழ எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

அழுததோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. ஊருக்கு வந்த பிறகு திரும்பவும் முன்னைப்போலத்தான் கிடக்கிறது, கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் உணர்வு வந்த மாதிரி. ஆனால் ஒரு விசயம் தெளிவாக இருக்கிறது, அதை உனக்குக் கலியாணத்துக்கு முன்னம் சொல்லவேண்டும். நீ கட்டப்போகிற பிள்ளையை விடிய எழும்பியவுடன் பார். ஆசையாகப் பார். ஆனால் அவள் முகம் ராசியானது என்று ஒருநாளும் அவளுக்குச் சொல்லாதே. சொன்னால் அவள் சந்தோசப்படுவாள், நானும் சந்தோசப்பட்டேன். நல்லது நடந்தால் அவளால் என்று நீ சொல்லப் பழகினால், கெட்டது நடக்கிற அன்றைக்கு அவள் தன்னைத்தான் கேட்டுக்கொள்வாள். உன் அப்பா அதை நினைத்துச் செய்யவில்லை. அவருக்கு என்னைப் பார்த்துவிட்டுப் போக விருப்பம், அதை நேராகச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் ஆம்பிளைகளுக்கு அது வராது. நீயாவது நேராகச் சொல்.

நேற்றுச் சித்தி வந்தபோது சொல்லிவிட்டேன். "தம்பி வெளிக்கிடேக்கை முன்னுக்கு நான்தான் நிப்பன்." சித்தி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "அக்கா, எனக்கு ஒண்டும் இல்லை. பொம்பிளை வீட்டுக்காரர் என்ன சொல்லுவினமோ எண்டுதான்" என்றாள். சம்பந்தியம்மாவுக்கு நானே போன் எடுத்துச் சொன்னேன். "உங்கடை பிள்ளை, உங்கடை விருப்பம்" என்றார். அதில் விருப்பம் எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கேயாவது பார்த்தால் நீ கோபிக்கக்கூடாது. அவருக்கும் பயம்தான்.

எனக்கும் பயம் போகவில்லை. உனக்கு முன்னால் நின்று, நீ போய், பிறகு ஒரு போன் வந்தால் என்ன செய்வேன் என்று இரண்டு நாளாக யோசித்தேன். அப்பாவுக்கு முன்னால் நின்றுவிட்டு நான் படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே வந்தவள். இந்தத் தடவை என்னால் அது ஏலாது. உன் காரில் மாப்பிள்ளைத் தோழனுக்கு ஒரு பக்கம் இடம் வை, மற்றப் பக்கம் எனக்கு வை. பின்னால் வருகிற வானில் என்னை ஏற்றிவிடாதே. அன்றைக்கு நான் முன்னுக்கு வந்து நிற்பேன். நீ தலையைக் குனியாமல் என்னை வடிவாகப் பார். பார்த்துவிட்டுக் கதவைத் திற, நானும் ஏறவேண்டும்.

அம்மா